சிங்கத்துக்காகப் போகாதீர்கள்: மலாவிக்கு முதல் பயணம்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் 'ஆப்பிரிக்கன் சிக்லிட்' என்று மஞ்சளும் நீலமுமாக விற்கிறார்களே, அந்த மீன்களில் பல வகைகளுக்குப் பூர்வீகம் ஒரே ஏரி. தான்சானியா, மொசாம்பிக், சாம்பியா மூன்றுக்கும் நடுவில் ஒடுக்கமாக நீண்டு கிடக்கும் மலாவி என்ற நாட்டின் ஏரி அது. மீனைத் தெரிந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை.

தோன்றாததற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்கச் சுற்றுலா என்றதும் மசாய் மாரா, செரெங்கெட்டி, கிளிமஞ்சாரோ, விக்டோரியா அருவி என்று பட்டியல் ஓடும். அந்தப் பட்டியலில் சேர்க்கிற மாதிரி ஒரு பிரம்மாண்டம் மலாவியிடம் கிடையாது. சுமார் 1,18,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறிய நாடு. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். நியாசாலாந்து என்ற பெயரில் பிரிட்டன் ஆண்டு, 1964 ஜூலை 6 அன்று விடுதலை கொடுத்தது. உலகின் மிக ஏழ்மையான நாடுகளில் ஒன்று. செய்தியில் அடிபடுவதும் அபூர்வம்.

ஆனால் இந்தச் சிறிய அளவுதான் அதன் வசதி. இரண்டு வாரம் கையில் இருந்தால் கடல் போன்ற ஏரி, 3,000 மீட்டர் மலை, யானைக் காடு, தேயிலைத் தோட்டம், பழைய பாறை ஓவியம் எல்லாவற்றையும் தரை வழியாகவே பார்த்துவிடலாம். பார்க்கும்போது உள்ளூர்க்காரர்கள் போகிற சாலையில், அவர்கள் ஏறுகிற படகில், அவர்கள் சாப்பிடுகிற கடையில்தான் நீங்களும் இருப்பீர்கள். சிங்கத்தைப் பார்ப்பதுதான் குறி என்றால் கென்யாவுக்கே போங்கள், காசுக்கு ஏற்ற பலன் அங்கேதான். தண்ணீரில் இறங்கவும் காலால் நடக்கவும் ஆசைப்படுகிறவர்களுக்காக மேற்கொண்டு எழுதுகிறேன்.

முதல் வேலை: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

டிக்கெட் பார்ப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்துவிடுங்கள். மலாவியில் மழைக்காலம் ஏறத்தாழ நவம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். மே முதல் ஆகஸ்ட் வரை குளிர்ச்சியான வறண்ட காலம். செப்டம்பரிலிருந்து வெயில் ஏறி, அக்டோபர் கடைசியில் ஷிரே ஆற்றுப் பள்ளத்தாக்கு அடுப்பாக இருக்கும்.

குளிர்காலம்தானே நல்லது என்று ஜூன், ஜூலைக்கு அவசரப்பட்டு முன்பதிவு செய்ய வேண்டாம். அந்த மாதங்களில் தென்கிழக்கிலிருந்து 'ம்வேரா' என்ற காற்று ஏரியில் வீசும். வீசினால் அலை எழும்பி, சிறு படகுகள் கரையிலேயே கிடக்கும், நீரும் கலங்கும். அதே பருவத்தில் தெற்கே முலாஞ்சே மலையைச் 'சிபெரோனி' மூடும். மொசாம்பிக் பக்கமிருந்து வரும் குளிர்ந்த தூறலும் மூடுபனியும் அது. நாள்கணக்கில் விலகாது. ஏரி, மலை, காடு மூன்றுக்கும் பொதுவாகப் பொருந்துவது ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. ஏரிக்குள் மீன் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் நவம்பர் வரைகூடத் தள்ளலாம். நீர் அப்போதுதான் மிகத் தெளிவாக இருக்கும்.

மழைக்காலத்தில் நாடு பச்சைப்பசேல் என்று அழகாக இருப்பது உண்மை. வடக்கே நியிகா பீடபூமியில் ஆர்க்கிட் பூக்கும் காலமும் அதுதான். ஆனால் முதல் பயணத்துக்கு அது வேண்டாம். மண் சாலைகள் சேறாகிவிடும். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்கு மலாவியைத் தாக்கியபோது மலைச்சரிவு ஊர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அந்தப் பாதிப்பிலிருந்து சில இடங்கள் மெதுவாகத்தான் மீள்கின்றன.

விசா, ஊசி, விமானம்

விசா விதிகள் அண்மை ஆண்டுகளில் மாறி மாறி வந்திருக்கின்றன. சில நாட்டவருக்கு விலக்குக் கொடுத்தார்கள், பிறகு திருத்தினார்கள். அதனால் பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம். மலாவி அரசின் இ-விசா தளத்தில் உங்கள் பாஸ்போர்ட் நாட்டுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். தேவை என்றால் அங்கேயே விண்ணப்பித்து, கிடைத்த கடிதத்தை அச்செடுத்து வையுங்கள். போனில் காட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், விமான நிலைய கவுண்டரில் காகிதத்துக்குத்தான் மரியாதை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயத்தில் நம்மவர்கள் குழம்புகிறார்கள். மலாவியில் அந்த நோய் கிடையாது. ஆனால் நீங்கள் விமானம் மாறப்போகும் எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்த நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் மலாவி சான்றிதழ் கேட்கும். இதைவிட முக்கியம் திரும்பி வரும்போது இந்திய விமான நிலையம். இந்த விஷயத்தில் இந்தியா மிகக் கண்டிப்பு. சான்றிதழ் இல்லாமல் மாட்டினால் தனிமைப்படுத்தி வைக்கிற அளவுக்குப் போகும். விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், அதை நிரூபித்துக்கொண்டு நிற்பதைவிட ஊசி போட்டுக்கொள்வது எளிது. சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும்.

மலேரியா மாத்திரையைக் கட்டாயம் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பார்க்காத கொசுவா என்று அலட்சியமாக இருக்கலாகாது. அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபேரம் வகை, உயிரை எடுக்கக்கூடியது. ஏரிக்கரையில் ஆண்டு முழுவதும் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடி விமானம் இல்லை. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸில் அடிஸ் அபாபா வழியாகவோ, கென்யா ஏர்வேஸில் நைரோபி வழியாகவோ போகலாம். இங்கே ஒரு சின்ன யோசனை பெரிய பலன் கொடுக்கும். போகும்போது நடுநாட்டிலுள்ள தலைநகர் லிலோங்வேயில் இறங்குங்கள், வரும்போது தெற்கேயுள்ள பிளாண்டயரில் ஏறுங்கள். இறங்கிய ஊருக்கே திரும்பி வருவதென்றால் சாலையிலேயே ஒரு முழு நாள் போய்விடும்.

பணம், போன், பிளக்

நாணயம் குவாச்சா. வெளிநாட்டில் வாங்க முடியாது, வெளியே கொண்டுவந்தாலும் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். நாட்டில் டாலர் பஞ்சம் நீண்ட நாளாக இருக்கிறது. 2023 நவம்பரில் குவாச்சாவின் மதிப்பை ஒரே அடியில் 44 சதவீதம் குறைத்தார்கள். அப்படியும் வங்கி விலைக்கும் தெரு விலைக்கும் இடைவெளி போகவில்லை. தெருவில் மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் நிச்சயம் கூப்பிடுவார். அது சட்டவிரோதம். நோட்டு எண்ணும்போதே கட்டு குறைகிற வித்தையும் நடக்கும். புத்தம் புதிய, மடிப்பில்லாத டாலர் நோட்டுகள் கொண்டுபோங்கள். ஏடிஎம்மில் விசா, மாஸ்டர்கார்டு வேலை செய்யும். ஆனால் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் தரும், சில நாள் இயந்திரத்தில் பணமே இருக்காது. ஏரிக்கரைக்கும் மலைக்கும் கிளம்புமுன் நகரத்திலேயே பணத்தை எடுத்துவிடுங்கள். காட்டு விடுதிகள் விலையை டாலரில் சொல்லும், சந்தையில் எல்லாம் குவாச்சாதான்.

டாலர் பஞ்சத்தால் வரும் இன்னொரு தொல்லை பெட்ரோல் தட்டுப்பாடு. பங்க் வாசலில் கிலோமீட்டர் கணக்கில் வண்டி நிற்கும். ஓட்டுநரோடு கார் எடுப்பதாக இருந்தால், வாடகை பேசும்போதே "எரிபொருள் யார் பொறுப்பு?" என்று கேட்டு முடித்துவிடுங்கள்.

போனுக்கு ஏர்டெல் அல்லது டிஎன்எம் சிம். ஆமாம், அதே ஏர்டெல்தான். நம் ஊர்ச் சிம்முக்கு அங்கே ரோமிங்தான், சலுகை எதுவும் இல்லை. பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். மின்சாரம் 230 வோல்ட், பிளக் சதுர மூன்று முனை பிரிட்டிஷ் வகை. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அடாப்டர் வேண்டும். மின்வெட்டு சாதாரணம், ஒரு பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதை

முதல் பயணத்துக்கு நான் சொல்வது தெற்குப் பாதை: லிலோங்வே, டெட்சா, முவா, கேப் மக்ளியர், லிவொண்டே, சோம்பா, முலாஞ்சே, பிளாண்டயர். வரைபடத்தில் பார்த்தால் ஒரே போக்கில் தெற்கு நோக்கி இறங்கும். வடக்கை இதோடு சேர்த்து அடைக்காதீர்கள். இரண்டு வாரத்தில் முழு நாட்டையும் முடிக்கிறேன் என்பவர்கள் நாட்டின் பெரும்பகுதியைச் சாலையில் மட்டுமே பார்த்திருப்பார்கள்.

உள்ளூர் மினிபஸ் மலிவு, ஆனால் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். நிரம்பியது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அர்த்தம் நமக்கும் பழக்கப்பட்டதுதான். பஸ் போகாத ஊர்களுக்குப் பின்பக்கம் திறந்த வண்டியில் ஏற்றிப்போவார்கள், அதற்கு 'மடோலா' என்று பெயர். ஊருக்குள் 'கபாசா', அதாவது பின்னிருக்கையில் மெத்தை கட்டிய சைக்கிள் டாக்சி. இப்போது பைக்கும் வந்துவிட்டது. குடும்பமாகப் போனால் ஓட்டுநரோடு காரே நல்லது. இடது பக்க ஓட்டம்தான், நம் பழக்கத்துக்குச் சரியாக வரும். எதில் போனாலும் இருட்டுமுன் ஊர் சேர்ந்துவிடுங்கள். விளக்கில்லாத சைக்கிள்களும் ஆடுகளும் சாலை நடுவில் இருக்கும். போலீஸ் சோதனைச் சாவடி அடிக்கடி வரும். வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்ட காகிதத்தைக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள்.

லிலோங்வே 1975இல் தலைநகரானது. பேட்டைகளுக்குப் பெயர் கிடையாது, ஏரியா 2, ஏரியா 3, ஏரியா 47 என்று எண்தான். எண்கள் அடுத்தடுத்தும் இருக்காது. அதை நம்பி நடக்கக் கிளம்பினால் கால்தான் வலிக்கும். பணம், சிம், தூக்கம் மூன்றையும் முடித்துக்கொண்டு மறுநாளே கிளம்பலாம்.

தெற்கே ஒன்றரை மணி நேரத்தில் டெட்சா. சுற்றியுள்ள சொங்கோனி குன்றுகளில் 127 இடங்களில் பாறை ஓவியம் இருக்கிறது, 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். செந்நிறக் கோடுகளும் வட்டங்களும் வேட்டையாடி வாழ்ந்த பட்வா மக்களுடையவை. வெள்ளைக் களிமண்ணில் தீட்டிய விலங்கு உருவங்கள் பின்னால் வந்த செவா உழவர்களுடையவை. அவற்றில் பல, பெண் பூப்பெய்தும் சடங்கோடு தொடர்புடையவை. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போனால் பாறையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

அங்கிருந்து மலைச்சரிவில் இறங்கினால் முவா. கிளாட் புஷே என்ற கனடா நாட்டுப் பாதிரியார் 1976இல் இங்கே குங்கோனி கலை மையத்தைத் தொடங்கினார். செவா மக்களின் 'குலே வம்குலு' முகமூடி ஆட்டத்துக்கான முகமூடிகளை இங்கே வரிசையாகப் பார்க்கலாம். இறுதிச் சடங்கிலும் சடங்கு விழாக்களிலும் முகமூடிக்குள் வருகிறவரை அவர்கள் மனிதராகக் கருதுவதில்லை, மூதாதையர் உலகிலிருந்து வந்தவராகவே நடத்துவார்கள். போகிற வழியில் முகமூடியோடு ஒருவர் எதிர்ப்பட்டால் கேமராவைத் தூக்க வேண்டாம். ஒதுங்கி நின்று வழி விடுங்கள்.

ஏரி

மலாவி ஏரி சுமார் 580 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் 75 கிலோமீட்டர், ஆழம் 700 மீட்டர் அளவு. எதிர்க்கரை பல இடங்களில் தெரியாது. நன்னீர், ஆனால் அலை அடிக்கும், மணற்கரை இருக்கும். மீன் இனங்கள் மட்டும் ஆயிரத்தை நெருங்கும் என்கிறார்கள். உலகில் வேறெந்த ஏரியிலும் இவ்வளவு வகை கிடையாது. பெரும்பாலானவை இங்கே மட்டுமே உள்ள சிக்லிட்கள்.

இவற்றைப் பார்க்க கேப் மக்ளியருக்குப் போங்கள். ஊரின் உள்ளூர்ப் பெயர் செம்பே. மங்கி பே என்ற துறைமுக ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் குறைவு. இங்குள்ள மலாவி ஏரி தேசியப் பூங்கா 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நிலத்துக்காக இல்லாமல் நன்னீர் மீன்களுக்காகவே அமைந்த பூங்கா. 1875இல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் முதலில் குடியேறிய இடமும் இதுதான். மலேரியாவில் வரிசையாக இறந்தார்கள், கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. மிச்சமிருந்தவர்கள் வடக்கே நகர்ந்து, கடைசியில் 1894இல் மலை உச்சியில் லிவிங்ஸ்டோனியாவை அமைத்தார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். காலையிலேயே, காற்று எழும்புமுன், ஒரு படகுக்காரரைப் பேசுங்கள். ஊர் வழிகாட்டிகள் சங்கத்தில் பதிவு பெற்றவரா என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். தும்பி மேற்குத் தீவு அல்லது ஆட்டர் பாயிண்ட் பாறைகளுக்குப் போகச் சொல்லுங்கள். முகக் கண்ணாடியும் மூச்சுக்குழலும் அவரே தருவார். நீச்சல் சுமாராகத் தெரிந்தால் போதும், மிதவை உடை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பாறை ஓரமாகக் குனிந்து பார்த்தால் தொட்டியில் பார்த்த அதே நிறங்கள் நூற்றுக்கணக்கில் கீழே ஓடும்.

பாறையை விட்டு நகராத இந்த வகைகளுக்கு 'ம்புனா' என்று பெயர். பாறை மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும். ஒரு பாறைத் திட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் வெறும் மணல் வந்தால் அதைத் தாண்டாது. அதனாலேயே ஒவ்வொரு தீவிலும் தனித்தனி நிறம், தனித்தனி இனம் உண்டாகிவிட்டது. வாயை உப்பலாக வைத்துக்கொண்டு தின்னாமல் ஒதுங்கி நிற்கும் மீனைப் பார்த்தால் அது தாய். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்து மூன்று வாரம் போல் காக்கும். இன்னொன்று, லிவிங்ஸ்டோன் பெயரைத் தாங்கிய மீன், செத்தது போல் மணலில் சாய்ந்து கிடக்கும். சிறு மீன்கள் கொத்த வந்ததும் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் மிதந்தாலும் அலுக்காத காட்சி. பயணத்தில் ஒரே ஒரு நாளுக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் இதற்குச் செய்யுங்கள்.

படகுக்காரர்கள் சீழ்க்கை அடித்து, மீனை வீசி, மீன்கழுகை இறங்க வைத்துக் காட்டுவார்கள். படம் நன்றாக வரும். எனக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை. கழுகு தானாகவே எப்படியும் கண்ணில் படும்.

நிலவில்லாத இரவுகளில் கரையில் உட்கார்ந்தால் தூரத்தில் வரிசையாக விளக்குகள் தெரியும். விரல் நீளமுள்ள உசிபா மீனை வெளிச்சத்துக்கு இழுத்துப் பிடிக்கிறார்கள். காலையில் அதையே மூங்கில் பரண்களில் காயப்போட்டிருப்பார்கள், ஊரெங்கும் கருவாட்டு வாசம். சில நாள் ஏரிக்கு நடுவே கரும்புகை எழுவது போலிருக்கும். அது கோடிக்கணக்கான சிறு பூச்சிகள். கரைக்கு வந்தால் அவற்றைப் பிடித்து, அடையாகத் தட்டிச் சாப்பிடுகிறார்கள்.

இப்போது எச்சரிக்கை. ஏரியில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி உண்டு. நத்தையிலிருந்து வெளிவந்து, தண்ணீரில் நிற்பவரின் தோல் வழியே உள்ளே போகும். நத்தையைத் தின்னும் மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்ததால் நத்தை பெருகி, நோயும் கூடியது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நாணல் அடர்ந்த, நீர் தேங்கிய கரையிலும், ஊரார் துணி துவைக்கும் துறையிலும் இறங்காதீர்கள். பாறைத் தீவு ஓரமாக ஆழத்தில் இறங்குவதில் ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மருந்து உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆற்றுமுகங்களில் முதலையும் நீர்யானையும் இருக்கலாம். புதிய இடத்தில் உள்ளூர்ச் சிறுவர்கள் குளிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, விடுதியிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கையில் இன்னும் ஒரு வாரம் கூடுதலாக இருப்பவர்களுக்கு இலாலா கப்பல். 1951இல் ஏரியில் இறக்கப்பட்டது, ஸ்காட்லாந்தில் செய்து துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டியது. மங்கி பேயிலிருந்து வடக்கே சிலும்பா வரை போய் வரும். மக்கள், மூட்டை, கோழி, கட்டில் எல்லாம் ஏறும். ஆனால் பழுதாகி மாதக்கணக்கில் நிற்பதும் உண்டு. அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். ஓடினால் லிகோமா தீவுக்கு அதிலேயே போங்கள். தீவைச் சுற்றி மொசாம்பிக்கின் நீர்ப்பரப்பு, தீவு மட்டும் மலாவியுடையது. ஆங்கிலிக்கன் மிஷன் தலைமையகம் அங்கே இருந்ததால் எல்லை பிரித்தபோது இந்தப் பக்கம் வந்தது. அந்தச் சின்னத் தீவில் 1903இல் தொடங்கி 1911 வாக்கில் முடித்த ஒரு பெரிய கல் கதீட்ரல் நிற்கிறது. எதற்கு இவ்வளவு பெரியது என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

காடு

ஏரி நீர் ஷிரே ஆறாக வெளியேறும் வழியில் லிவொண்டே தேசியப் பூங்கா. வேட்டையால் நொடிந்து கிடந்ததை 2015 முதல் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பு நடத்துகிறது. 2016, 2017இல் லிவொண்டேயிலிருந்தும் மஜேத்தேயிலிருந்தும் 500 யானைகளைப் பிடித்து, லாரியில் ஏற்றி, ந்கோட்டகோட்டா காட்டுக்குக் குடியமர்த்தினார்கள். சிவிங்கிப்புலி என்கிற சீட்டா 2017இல், சிங்கம் 2018இல் திரும்பக் கொண்டுவரப்பட்டன. சிங்கம் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். காலைப் படகுச் சவாரிக்கு மட்டும் கட்டாயம் பணம் கட்டுங்கள். ஆற்றில் நீர்யானை, முதலை, தண்ணீர் குடிக்க வரும் யானைக் கூட்டம் எல்லாம் படகிலிருந்தே தெரியும். ஓரிரவு போதும்.

பிறகு சோம்பா. 1975 வரை இதுதான் தலைநகர். மேலே பீடபூமியில் பைன் காடும் குளிர்ந்த காற்றும். இளைப்பாறிவிட்டுக் கிளம்பலாம்.

முலாஞ்சே

சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் கருங்கல் மலைத்தொகுதி இது. உச்சி சாபிட்வா, 3,002 மீட்டர். 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அடிவாரமெங்கும் தேயிலை. பக்கத்துத் தியோலோவிலும் தேயிலைதான், 1923இல் தொடங்கிய சாடெம்வா தோட்டத்தில் சுற்றிக்காட்டித் தேநீர் ருசிக்கவும் தருகிறார்கள்.

லிக்குபுலா வன நிலையத்தில் பெயர் பதிந்து, கட்டணம் கட்டி, வழிகாட்டியையும் சுமைதூக்குபவரையும் அமர்த்திக்கொள்ளுங்கள். கூலியை அங்கேயே பேசி முடியுங்கள், அவர்கள் சாப்பாடு யார் செலவு என்பதும் அதில் சேரட்டும். மேலே ஒரு நாள் நடைத் தூரத்தில் மரக் குடில்கள் உண்டு: சாம்பே, லிச்செனியா, துச்சிலா என்று. காவலாள் விறகு மூட்டி, தண்ணீர் கொண்டுவந்து தருவார். அரிசி, பருப்பு, படுக்கை எல்லாம் நீங்கள் கொண்டுபோக வேண்டும். முதல் நாளே கீழே முலாஞ்சே சந்தையில் வாங்கிவிடுங்கள்.

சாபிட்வா உச்சியை எல்லாரும் தொட்டே ஆக வேண்டும் என்றில்லை. அங்கே ஆவிகள் வாழ்வதாக ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் வழுவழுப்பான சாய்ந்த பாறை, திடீரென்று மூடும் பனி இரண்டும் நிஜம். மழை பெய்தால் திரும்பு என்று வழிகாட்டி சொன்னால் வாதாடக் கூடாது. ஏறத் தெம்பில்லாதவர்கள் லிக்குபுலாவிலிருந்து ஒரு மணி நேரம் நடந்து, அருவிக் குளத்தில் குளித்துவிட்டு வரலாம். குளிர்ச்சி எலும்பில் ஏறும்.

அடிவாரத்தில் வாசனையான மரப்பெட்டிகள் விற்பார்கள். முலாஞ்சே சீடர் என்ற அந்த மரம் இந்த மலையில் மட்டும்தான் இயற்கையாக வளரும். திருட்டு வெட்டில் முதிர்ந்த மரங்கள் ஏறக்குறையக் காலி. வாங்காதீர்கள்.

சாப்பாடும் பேச்சும்

தினச் சாப்பாடு ந்சிமா. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் துழாவிக் கிளறியது. களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குக் கையே சொல்லிக்கொடுக்கும்: கிள்ளு, உருட்டு, குழித்துத் தொடு. தொட்டுக்கொள்வது 'ந்திவோ'. மீன் என்றால் சாம்போ கேளுங்கள், சதைப்பற்றானது. இப்போது பிடிபாடு குறைந்து விலை ஏறிவிட்டது. சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். அவரை வகைக் குழம்பும், வேர்க்கடலை மாவு சேர்த்து வதக்கிய பூசணி இலையும் எந்தக் கடையிலும் உண்டு. பூசணி இலைக்கு 'ந்க்வானி' என்று பெயர், வேர்க்கடலை மாவு போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். காரம் போதவில்லை என்றால் மேசையில் நாலி சாஸ் இருக்கும், நம் நாக்குக்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். சாலையோரம் குச்சியில் கோத்து விற்பது சுட்ட வயல் எலி. சமோசாவும் எங்கும் கிடைக்கும்.

சமோசா வந்தது குஜராத்தி வணிகர்களோடு. பிரிட்டிஷ் காலத்திலிருந்து அவர்கள் இங்கே கடை வைத்திருந்தார்கள். 1970களில் நாட்டின் முதல் அதிபர் கமுசு பண்டாவின் அரசு ஆசிய வணிகர்களைக் கிராமங்களிலிருந்து பெருநகரங்களுக்கு விரட்டியது. சிற்றூர்ச் சந்தைகளில் பழைய தூண் வைத்த கடைவாசல்களை இன்னும் பார்க்கலாம். உங்களையும் 'ம்வென்யே' என்று கூப்பிடுவார்கள், இந்தியர் என்று பொருள். கடை முதலாளி என்ற எண்ணமும் கூடவே ஒட்டியிருக்கும், அதனால் விலை கொஞ்சம் ஏறும். வைய வேண்டியதில்லை, சிரித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

ஆங்கிலம் ஆட்சி மொழி, ஆனாலும் நான்கு செச்செவா வார்த்தை இருந்தால் எல்லாம் இளகும். "மூலி ப்வாஞ்சி?" என்று நலம் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். வழி கேட்பதாக இருந்தாலும் சரி, வாழைப்பழம் வாங்குவதாக இருந்தாலும் சரி. அவர்கள் கேட்டால் "ந்திலி ப்வினோ, காயா இனு?" நன்றிக்கு "ஸிகோமோ". வயது வந்த ஆணை 'பாம்போ', பெண்ணை 'மாயி', முதியவரை 'அகோகோ' என்று அழைத்தால் போதும். கை குலுக்கும்போது இடக்கையால் வலது முழங்கையைத் தொடுவது மரியாதை. வீட்டு வாசலில் நின்று "ஓடி!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெண்கள் கிராமங்களில் முழங்கால் மறையும் உடை போடுவது நல்லது. பண்டா ஆட்சியில் பெண்கள் கால்சட்டை அணியவே தடை இருந்தது, 1990களில்தான் நீங்கியது. சந்தையில் ஒரு சிட்டெஞ்சே துணி வாங்கி இடுப்பில் சுற்றிக்கொள்ளுங்கள், போர்வையாகவும் துண்டாகவும் உதவும்.

கிளம்பும்போதும், கிளம்பிய பிறகும்

பிளாண்டயரில் அரை நாள் இருந்தால் 1882இல் கட்டிய மண்டாலா ஹவுஸ், கட்டடக் கலை படிக்காத ஒரு பாதிரியார் 1888 முதல் 1891 வரை கட்டிய புனித மிக்கேல் ஆலயம் இரண்டையும் பார்க்கலாம். மிச்சமுள்ள குவாச்சாவை முசூசு காப்பித்தூளாகவும் தியோலோ தேயிலையாகவும் மாற்றிவிடுங்கள்.

மலேரியா மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்தக் கூடாது. வகையைப் பொறுத்து ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை. பில்ஹார்சியாவுக்குப் பிராசிகுவான்டெல் என்ற மருந்து, ஆனால் அது வளர்ந்த புழுவை மட்டுமே கொல்லும். அதனால் ஏரியில் கடைசியாக இறங்கிச் சில வாரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும், அளவு எடையைப் பொறுத்தது. இந்தியாவில் இந்த நோய் அரிது. உங்கள் மருத்துவருக்கு அது சட்டென்று தோன்றாமல் போகலாம். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், "ஆப்பிரிக்காவில் ஒரு ஏரியில் நீந்தினேன், பில்ஹார்சியா பார்க்க வேண்டும்" என்று நீங்களாகவே சொல்லிக் கேளுங்கள்.